குளிர்ந்த மசாலா தேநீரும் எஸ்பிரெஸோவும்: வடசென்னை வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

வீட்டில் போடும் குளிர்ந்த மசாலா தேநீரோ எஸ்பிரெஸோ கலந்த ஐஸ் காபியோ சரியாக அமையாதபோது, பெரும்பாலோர் முதலில் டீத்தூளை மாற்றுகிறார்கள், பிறகு காபிக் கொட்டையை மாற்றுகிறார்கள், கடைசியில் இயந்திரத்தின் மீது பழி போடுகிறார்கள். திருவொற்றியூர், தண்டையார்ப்பேட்டை, இராயபுரம், வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கத்து வீடுகளுக்கு இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பார்க்கச் சொல்வேன். முதலில் சந்தேகிக்க வேண்டியது தண்ணீர், அடுத்து ஐஸ், அதன்பின் பால், தூளும் இயந்திரமும் கடைசியில்தான். கீழே குறைகளை அவை குவளையில் வெளிப்படும் விதத்தைக் கொண்டு பிரித்திருக்கிறேன். உங்களுக்கு நேர்ந்த குறை எதுவோ அதை மட்டும் படித்தால் போதும். ஆனால் தண்ணீரைப் பற்றிய பகுதியை எல்லோரும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை அளவு வேண்டும். இரண்டு பெரிய குவளை மசாலா தேநீருக்கு 300 மில்லி தண்ணீரில் தட்டிய இஞ்சி ஒரு சிறு துண்டு, மிளகு ஆறு, கிராம்பு இரண்டு, பட்டை ஒரு சிறு துண்டு ஆகியவற்றைப் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்து, 10 கிராம் டீத்தூளும் தட்டிய ஏலக்காய் நான்கும் சேர்த்து, நான்கு நிமிடம் மூடிவைத்து வடிகட்ட வேண்டும். தேயிலையின் சுவையை மதிப்பிடுவதற்கான ஐ.எஸ்.ஓ. 3103 தரமுறையில் 100 மில்லி நீருக்கு 2 கிராம் தேயிலைதான் அளவு. நாம் அதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் கெட்டியாக எடுப்பதற்குக் காரணம் பின்னால் வரப்போகும் ஐஸும் பாலும். எஸ்பிரெஸோவுக்கு 18 கிராம் தூளிலிருந்து 36 கிராம் காபி 25 முதல் 30 நொடிக்குள் வடிய வேண்டும். நீரின் அழுத்தம் 9 பார், வெப்பம் 90 முதல் 96 டிகிரி. காபித்தூள் போடும் சல்லடை சிறியதாக இருக்கும் இயந்திரமானால் 14 கிராமுக்கு 28 கிராம் என்று அதே விகிதத்தில் குறைத்துக்கொள்ளலாம்.

எதைச் செய்தாலும் சுவை மந்தமாக இருக்கிறது

இது தண்ணீரின் குறை என்பதை உறுதி செய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரே டீத்தூளை ஒரே அளவில் எடுத்து, ஒரு பாத்திரத்தில் குழாய்த் தண்ணீரிலும் இன்னொன்றில் கேன் தண்ணீரிலும் பால் சேர்க்காமல் கொதிக்கவைத்து, இரண்டையும் வெள்ளைப் பீங்கான் கோப்பைகளில் ஊற்றிப் பக்கத்தில் பக்கமாக வையுங்கள். ஒன்று செம்பழுப்பாகத் தெளிந்தும் மற்றொன்று கருத்து மங்கியும் இருந்தால், வேறு எதையும் மாற்றுவதற்கு முன் தண்ணீரை மாற்ற வேண்டும்.

வடசென்னையில் ஒரே தெருவுக்குள்ளேயே தண்ணீர் வேறுபடும். புழல் ஏரியிலிருந்து சுத்திகரிக்கப்பட்டு வரும் மெட்ரோ தண்ணீர் ஒருபுறம். மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010இல் இயங்கத் தொடங்கிய, நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன்கொண்ட கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் தண்ணீர் மறுபுறம். இவை போதாத வீடுகளில் லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும். கடலோரம் நெடுக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உட்புகுந்த பகுதிகளில் போர் தண்ணீர் உவர்ப்பாகவும் கடினமாகவும் இருக்கிறது. குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, கரைந்துள்ள திடப்பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ளும் மொத்தக் கடினத்தன்மை 200க்குள்ளும் இருப்பதை ஏற்கத்தக்க அளவாகச் சொல்கிறது; வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் முறையே 2000 வரையும் 600 வரையும் அனுமதிக்கிறது. குடிக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட அந்த மேல்வரம்புத் தண்ணீரில் நல்ல தேநீர் வராது, எஸ்பிரெஸோ இயந்திரமும் நெடுநாள் உழைக்காது. காபிக்கு ஏற்றதென்று அத்தொழிலில் உள்ளவர்கள் சொல்வது, கரைந்துள்ள திடப்பொருள்கள் லிட்டருக்கு 150 மில்லிகிராமை ஒட்டிய அளவு.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு பிழை இருக்கிறது. ஆர்.ஓ. கருவியின் டிடிஎஸ் அளவை, அதாவது கரைந்துள்ள திடப்பொருள்களின் அளவை, 20, 30 என்று இறக்கி வைத்திருக்கும் வீடுகளில் தண்ணீரில் தாது உப்புகளே இராது. அதில் எடுக்கும் காபி ஒரே புளிப்பாகவோ உள்ளீடற்றதாகவோ இருக்கும். அப்போது ஆர்.ஓ. தண்ணீருடன் உவர்ப்பில்லாத மெட்ரோ தண்ணீரை, கொதிக்கவைத்து ஆறிய பிறகு, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்து பாருங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிடிஎஸ் மீட்டர் இதற்கு உதவும். அது உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டுமேயன்றி எந்த உப்பு என்று சொல்லாது.

தேநீரின் மேல் எண்ணெய் போன்ற படலம், அல்லது மை போன்ற கருமை

படலம் என்றால் கடினநீர். தண்ணீரிலுள்ள கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களான பாலிஃபீனால்களுடன் காற்றுபடும் மேற்பரப்பில் சேர்ந்து அந்தத் தோலை உண்டாக்குகின்றன. பாத்திரத்தைத் தேய்ப்பதாலோ டீத்தூளை மாற்றுவதாலோ அது போகாது. ஒரு சொட்டு எலுமிச்சைச் சாற்றில் படலம் கரைந்து நிறமும் வெளுத்தால் காரணம் உறுதி. நீலங்கலந்த கருமை வந்தால் அது பெரும்பாலும் இரும்பு: போர் தண்ணீரின் இரும்போ, துருப்பிடித்த பழைய குழாயின் இரும்போ, தேயிலையின் துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து மை ஆகிறது. இரண்டுக்கும் தீர்வு தண்ணீரை மாற்றுவதே.

சூடாக இருக்கும்போது தெளிவாக இருந்த டிகாக்‌ஷன் ஆறியதும் கலங்கிவிடுகிறது

பால் சேர்க்காமல் எலுமிச்சையோடு குடிப்பவர்களுக்குத்தான் இது கண்ணில் படும். தேயிலையின் காஃபினும் நிறப்பொருள்களான தியாஃப்ளேவின்களும் சூட்டில் தனித்தனியே கரைந்திருந்து, குளிரும்போது ஒன்றோடொன்று பிணைந்து நுண்துகள்களாகப் பிரிவதால் வரும் கலங்கல் அது. கெட்டுப்போனதன் அறிகுறி இல்லை. சிறிது கொதிநீர் சேர்த்துக் கலக்கினால் தெளியும். கலங்கலே வேண்டாம் என்றால் டீத்தூளுக்குப் பதில் இலைத் தேயிலையைக் குளிர்ந்த நீரில் போட்டு, ஃபிரிட்ஜில் இரவு முழுதும் ஊறவைத்து வடிகட்டுங்கள். பால் சேர்ப்பவர்கள் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இரண்டாவது மடக்கிலேயே நீர்த்துப் போகிறது

குளிர்பானங்களில் மிக அதிகமாகக் காணும் பிழை இதுதான். டீத்தூளைக் கூட்டிப் போட்டால் சரியாகிவிடும் என்று எண்ணுவது அதைவிடப் பெரிய பிழை, ஏனெனில் அப்போது முதல் மடக்கு துவர்க்கும், கடைசி மடக்கு நீராகவே இருக்கும். காரணத்தைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 334 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறக்குறைய 4.2 ஜூல் வெப்பத்தை அகற்றினால் போதும். எனவே 90 டிகிரியில் இருக்கும் 100 மில்லி தேநீரை ஐஸை மட்டுமே கொண்டு 5 டிகிரிக்கு இறக்கினால் 90 முதல் 100 கிராம் ஐஸ் உருகி அதற்குள் கலந்துவிடும். அதாவது குவளையில் பாதி வெறும் தண்ணீர். அதே தேநீரை 32 டிகிரி வரை தானாக ஆறவிட்ட பிறகு ஐஸில் ஊற்றினால் உருகுவது 30 கிராம் அளவுதான். ஃபிரிட்ஜில் வைத்து 10 டிகிரிக்குக் கொண்டுவந்து ஊற்றினாலோ ஐந்தாறு கிராமுக்கு மேல் உருகாது.

ஆகவே வடிகட்டிய டிகாக்‌ஷனை எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, அதை அகலமான குண்டானில் நிரப்பிய குழாய்த் தண்ணீருக்குள் இறக்கி வைத்து, இடையிடையே கலக்கி ஆறவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் நண்பகலுக்குப் பிறகு இந்த வழி பலிக்காது. மொட்டைமாடிப் பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீரே கை வைக்க முடியாத சூட்டில் வரும். அந்த நாள்களில் விடியற்காலையிலேயே டிகாக்‌ஷனை எடுத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுவதே சரி. டிகாக்‌ஷனில் ஒரு பகுதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்து, தண்ணீர் ஐஸுக்குப் பதிலாக அதைப் போடுபவர்களும் உண்டு. நல்ல வழிதான், ஆனால் அந்தத் தட்டை ஓரிரு நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

ஐஸ் துண்டின் அளவையும் பாருங்கள். சிறு துண்டுகளும் நொறுக்கிய ஐஸும் மேற்பரப்பு அதிகம் என்பதால் விரைவில் குளிர்விக்கும். குடித்து முடிக்க நேரம் எடுத்துக்கொள்பவர்களுக்குப் பெரிய கட்டிகளே ஏற்றவை.

பானத்தில் மீன் வாடை, அல்லது குளோரின் நெடி, அல்லது அடியில் வெள்ளைத் துகள்

மூன்றும் ஐஸிலிருந்து வருபவை. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் வாங்கிய மீனை மாதக் கடைசி வரை ஃபிரீசரில் வைத்திருக்கும் வீட்டில், மூடியில்லாத ஐஸ் தட்டு அந்த வாடையை உறிஞ்சாமல் இருந்தால்தான் வியப்பு. மீனையோ கருவாட்டையோ கைவிடச் சொல்லவில்லை. மீனை இறுக மூடும் டப்பாவிலும் ஐஸை மூடியுள்ள தட்டிலும் வைத்து, உறைந்த கட்டிகளை உடனே வேறு டப்பாவுக்கு மாற்றி, ஒரு வாரத்துக்கு மேல் பழையதானால் கொட்டிவிடுங்கள். வாடை ஐஸில் இருக்கிறதா பாலில் இருக்கிறதா என்று தெரியாவிட்டால், ஒரு கட்டியை மட்டும் குவளையில் உருகவைத்து முகர்ந்தால் தெரிந்துவிடும்.

குளோரின் உறைவதால் போகாது. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறிய பிறகே தட்டில் ஊற்ற வேண்டும். ஐஸ் உருகியபின் அடியில் தங்கும் வெள்ளைத் துகள் கடினநீரின் சுண்ணாம்பு: நீர் உறையும்போது தாது உப்புகளை ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளிக்கொண்டே போவதால் அவை நடுவில் செறிந்து கட்டியாகின்றன. உடலுக்குக் கேடில்லை, பார்க்கத்தான் நன்றாக இராது. மீன் பதப்படுத்துவதற்கென்று உடைத்து விற்கும் ஐஸ் பாரை அவசரத்துக்குக்கூடக் குடிக்கும் பானத்தில் போட வேண்டாம். அது குடிநீரில் செய்யப்பட்டது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.

பால் திரிந்துவிடுகிறது

பால் பழையதா என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. மசாலா தேநீரில் அதற்கு முன்பே கேட்க வேண்டியது, இஞ்சி எப்போது சேர்க்கப்பட்டது என்பது. பச்சை இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. பால் 60, 70 டிகிரியில் இருக்கும்போது அது சுறுசுறுப்பாக வேலை செய்து பாலின் கேசின் என்ற புரதத்தை வெட்டித் திரிய வைத்துவிடும். சீனாவின் குவாங்டோங் பகுதியில் இதையே பயன்படுத்தி, சூடான பாலை இஞ்சிச் சாற்றில் ஊற்றி உறையவைத்து ஓர் இனிப்புச் செய்கிறார்கள். நமக்கு அது வேண்டாத விளைவு. இஞ்சியைத் தண்ணீரில் போட்டு நன்கு கொதிக்கவைத்தால் நொதி செயலிழந்துவிடும், அதன்பின் பாலைச் சேர்த்தால் ஒன்றும் ஆகாது. குளிர்ந்த தேநீரின் மேல் மணத்துக்காகப் பச்சை இஞ்சியைத் துருவிப் போடும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். குளிரில் நொதி மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றாலும், ஃபிரிட்ஜில் சில மணிநேரம் இருந்தால் பால் கசக்கத் தொடங்கும். சுக்கில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

இரண்டாவது காரணம் வெல்லமும் கருப்பட்டியும். அவற்றில் இருக்கும் புளிப்பும் தாது உப்புகளும், கொதிக்கும் பாலில் நேராகச் சேரும்போது அதைத் திரியச் செய்துவிடும். குளிர்ந்த தேநீரில் இதைத் தவிர்ப்பது எளிது: வெல்லத்தைச் சூடான டிகாக்‌ஷனிலேயே கரைத்து, வடிகட்டி, முழுதும் ஆறிய பிறகு குளிர்ந்த பாலோடு சேர்த்தால் திரியாது.

இவை இரண்டும் இல்லையென்றால் பால்தான். காலையில் வாசலில் போட்ட பாக்கெட், வெயிலேறும் வரை பையிலேயே தொங்கிக்கொண்டிருந்ததா என்று விசாரியுங்கள். தனியே காய்ச்சும்போது திரியாத பாலும், புளிப்பின் விளிம்பில் இருந்தால், காபியின் அமிலம் பட்டதும் துகள்துகளாகப் பிரியும். இளம்வறுவல் கொட்டையில் எடுத்த எஸ்பிரெஸோவில் இது இன்னும் விரைவில் நிகழும்.

மேலே கொழுப்புத் துகள்கள் மிதக்கின்றன, நாக்கில் பிசுக்கு ஒட்டுகிறது

சூடான தேநீருக்குச் சுவை கூட்டும் கொழுப்பே குளிர்ந்த தேநீரைக் கெடுக்கும். பால்கொழுப்பு குளிரில் இறுகிவிடுவதால், காய்ச்சிய பாலின் ஏடு உடைந்து வெண்ணெய்ப் பொடி போல மிதக்கிறது. ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டின் நிறைகொழுப்புப் பாலில் கொழுப்பு 6 சதவீதம், கொழுப்பற்ற திடப்பொருள் 9 சதவீதம். நீல பாக்கெட்டில் அவை முறையே 3, 8.5. இங்கு நீல பாக்கெட்டே போதும், காசும் மிச்சம். காய்ச்சி ஆறவைத்த பாலை மெல்லிய வடிகட்டியில் ஒருமுறை வடித்துவிட்டுச் சேருங்கள். கெட்டியாக வேண்டும் என்பவர்கள் கொழுப்பைக் கூட்டாமல் இரண்டு தேக்கரண்டி பால்பவுடரைக் கரைத்துக்கொள்ளலாம்.

காரம் மட்டும் இருக்கிறது, மணம் இல்லை

குளிர்ச்சி மணத்தை அடக்கும், இனிப்பையும் அடக்கும். மிளகின், இஞ்சியின் காரத்தை அவ்வளவாக அடக்காது. ஆதலால் சூடாகக் குடிக்கும்போது பொருத்தமாக இருந்த அதே மசாலா, ஐஸ் போட்டதும் தொண்டையைப் பிடிப்பதாக மட்டுமே தெரியும். மிளகையும் இஞ்சியையும் பாதியாகக் குறைத்து, ஏலக்காயைக் கூட்டுங்கள். ஏலக்காயின் மணம் ஆவியாகக்கூடிய எண்ணெயில் இருப்பதால் அதை மற்றவற்றோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் மணம் சமையலறையில்தான் நிற்கும். அடுப்பை அணைத்தபின் தட்டிப் போட்டு மூட வேண்டும், மூடியில் படியும் நீரையும் உள்ளேயே வடித்துவிட வேண்டும்.

நாக்கு மரத்துப்போகும் கசப்பு இருந்தால் கிராம்பு அதிகம். இரண்டு குவளைக்கு இரண்டு என்பதே மேல்வரம்பு. தேநீர் கொழகொழப்பாக இருந்தால் பட்டையைப் பாருங்கள்: மளிகைக் கடையில் பட்டை என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் தடித்த காசியாப் பட்டை; அதைப் பொடித்துக் கொதிக்கவைத்தால் பசை விடும். துண்டாகவே போடுங்கள், அல்லது ஏடு ஏடாகச் சுருண்டிருக்கும் இலங்கைப் பட்டையை வாங்குங்கள். சவுகார்பேட்டைக் கடைகளில் இரண்டும் கிடைக்கும், விலைதான் வேறு. கடையில் விற்கும் அரைத்த தேநீர் மசாலாப் பொடி சூடான தேநீருக்கு ஏற்றது. குளிர்ந்ததில் அடியில் மண்டியாகப் படியும், எந்த வடிகட்டியிலும் முழுதாக நிற்காது.

சர்க்கரை கரையவில்லை

குளிர்ந்த பானத்தில் சர்க்கரையைப் போட்டுக் கலக்குவது வீண் வேலை. சம அளவு சர்க்கரையும் தண்ணீரும் கொதிக்கவைத்த பாகை ஒரு சீசாவில் ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். சூட்டில் போதுமென்று தோன்றும் இனிப்பு குளிரில் குறைவாகவே தெரியும் என்பதால் கால் பங்கு கூடுதலாகச் சேர்க்க நேரும்.

எஸ்பிரெஸோ சடசடவென்று கொட்டுகிறது, புளிக்கிறது. அல்லது சொட்டுச் சொட்டாக வடிகிறது, கசக்கிறது

காபித்தூள் எங்கே வாங்கியது என்பதிலிருந்து தொடங்குவோம். நம் ஊர்க் காபிக் கடைகளில் சொல்லாவிட்டால் சிக்கரி கலந்தே அரைத்துத் தருவார்கள். சிக்கரி கலந்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பதுதான் உணவுச் சட்டத்தின் நிபந்தனை. ஃபில்டரில் மெதுவாக இறங்கும் டிகாக்‌ஷனுக்குச் சிக்கரி கெட்டித்தன்மையும் நிறமும் தரும். 9 பார் அழுத்தத்தில் நிலைமை வேறு: சிக்கரி நீரை உறிஞ்சி ஊதிச் சல்லடையை அடைத்துக்கொள்ளும், கரைந்து வரும் பகுதியும் கருகிய இனிப்பாகவே இருக்கும். ஆகவே சிக்கரி இல்லாத பிளான்டேஷன் ஏ அல்லது பீபெரி என்று கொட்டையின் வகையைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது அரைப்பு. ஃபில்டருக்கென்று அரைத்த தூள் எஸ்பிரெஸோ இயந்திரத்தின் ஒற்றைச் சுவர்ச் சல்லடைக்கு (அடியில் ஒரே அடுக்குத் தகடு உள்ளது) பெரும்பாலும் கரடாகவே இருக்கும். நீர் தடையின்றிப் பாய்ந்து பத்துப் பதினைந்து நொடியில் குவளை நிறைந்துவிடும், காபி புளிக்கும், உப்புக் கரிப்பதாகக்கூடத் தோன்றும். இன்னும் நைசாக அரைக்க வேண்டும். மறுபுறம், மாவு போல அரைத்துவிட்டால் 40, 50 நொடி ஆகும், நாக்கின் பின்புறம் வறண்ட கசப்பு நிற்கும். ஒருமுறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: தூளின் எடையை மாற்றாமல் அரைப்பை ஒரு படி நகர்த்தி, நொடியைக் கணக்கிட்டு, குடித்துப் பார்த்து, பிறகே அடுத்த படி. எடைபோட நகைக்கடைத் தராசு போன்ற சிறிய மின்தராசு போதும்.

புளிப்பும் கசப்பும் ஒரே குவளையில் சேர்ந்து வந்தால் குறை அரைப்பில் இல்லை, சல்லடையில் தூளை அமுக்குவதில் இருக்கிறது. தூள் ஒருபுறம் தளர்ந்தும் மறுபுறம் இறுகியும் இருக்கையில் நீர் தளர்ந்த பக்கமே வழி செய்துகொண்டு பாயும். அங்குள்ள தூள் அளவுக்கு மீறிச் சாறிழக்கும், மற்றது நனைந்தும் நனையாமலும் கிடக்கும். வடித்து முடித்தபின் தூளில் ஊசித்துளை போன்ற குழிகள் தெரிந்தால் இதுதான். அமுக்குவதற்கு முன் மெல்லிய கம்பியால் தூளைக் கிளறிச் சமப்படுத்தி, அமுக்கும் கட்டையைச் சாயாமல் நேராக அழுத்துங்கள்.

கடற்கரைக்கு அண்மையில் இருப்பவர்களுக்கு மற்றொரு தொல்லை உண்டு. ஈரக்காற்றில் காபித்தூள் கட்டிகட்டும். அடைமழை நாளில் சரியாக இருந்த அரைப்பு வறண்ட நாளில் சரியாக இராது. டப்பாவைத் திறந்து வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்து நாள்தோறும் எடுத்துத் திறப்பது அதைவிடக் கேடு, குளிர்ந்த தூளின் மேல் காற்றின் ஈரம் படிந்துவிடும். கொட்டையாக வாங்கி, காற்றுப்புகாத சிறு டப்பாக்களில் பிரித்து, வேண்டியபோது கையால் சுற்றும் அரைவையில் அரைப்பதே நம் பக்கத்துக்கு ஏற்றது.

மேலே பொன்னிற நுரை வரவில்லை

கிரீமா எனப்படும் அந்த நுரை, வறுத்த கொட்டைக்குள் அடைபட்ட கரியமில வாயு அழுத்தத்தில் வெளிவருவதால் உண்டாவது. மிலானைச் சேர்ந்த அக்கில்லே காஜியா 1938இல் காப்புரிமை பெற்று, பின்னர் இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் விசைத்தண்டு இயந்திரங்களாகச் செய்து விற்ற பிறகே எஸ்பிரெஸோ என்றால் நுரை என்ற எண்ணம் பரவியது. வறுத்து ஒரு மாதத்துக்கு மேலான கொட்டையில் நுரை குறையும். வறுத்து ஓரிரு நாளே ஆனதில் பெரிய குமிழிகளாக எழுந்து உடனே அடங்கிவிடும். ரொபஸ்டா கலந்ததில் கூடுதலாக வரும். மோக்கா பாட் எனப்படும், அடுப்பில் வைத்து ஆவியழுத்தத்தில் காபி ஏற்றும் பாத்திரத்தில் அழுத்தம் ஓரிரு பார்தான் என்பதால் கிரீமாவை எதிர்பார்ப்பதற்கில்லை. எப்படியிருந்தாலும் ஐஸின் மேல் ஊற்றப்போகும் காபிக்கு இதைப் பற்றிக் கவலைப்படுவதே வீண்: நுரை சில நொடியில் கரைந்துவிடும், அதன் சுவையும் கசப்பே.

சிலர் எதிர்பார்ப்பது வேறு. திருமண மண்டபங்களில் எஸ்பிரெஸோ காபி என்று கொடுப்பது, உடனடிக் காபித்தூளும் சர்க்கரையும் கலந்த பாலில் நீராவியைச் செலுத்தி நுரைக்கவைத்து, மேலே சாக்லேட் பொடி தூவியது. அந்தச் சுவைதான் வேண்டுமென்றால் இயந்திரமே தேவையில்லை. இரண்டு தேக்கரண்டி உடனடிக் காபித்தூளையும் அதே அளவு சர்க்கரையையும் சில சொட்டு வெந்நீரில் வெளுக்கும்வரை கரண்டியால் அடித்து, பாலோடு கலந்து பொடி தூவுங்கள். குளிர்ந்த பாலிலும் அருமையாக வரும். இதை மட்டமாக நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

பால் நுரைக்கவில்லை, அல்லது நுரை நிற்கவில்லை

சூடான பானத்துக்கு நீராவியை 60, 65 டிகிரியில் நிறுத்திவிட வேண்டும். 70ஐத் தாண்டினால் காய்ச்சிய வாடை வந்து நுரையும் உடையும். ஐஸ் காபிக்குச் சூடான நுரை தேவையே இல்லை. நன்கு குளிர்ந்த நீல பாக்கெட் பாலை மூடியுள்ள பாட்டிலில் பாதியளவு ஊற்றி அரை நிமிடம் குலுக்கினால் போதும். ஊற்றும் வரிசையும் முக்கியம்: குவளையில் முதலில் ஐஸ், பிறகு பால், கடைசியில் காபி. சூடான காபி நேராக ஐஸின் மேல் விழாமல் குளிர்ந்த பாலில் விழுவதால், கலப்பதற்கு முன்பே ஐஸ் கரைந்து ஓடுவது குறைகிறது.

மோக்கா பாட் சீறுகிறது, கருகல் வாடை வருகிறது, அல்லது காபியே ஏறவில்லை

சீறலும் கருகலும் அடுப்பின் தீ அதிகம் என்பதன் அடையாளம். சிறு தீயில் வைத்து, ஓசை கரகரப்பாக மாறியதும் இறக்கி, அடிப்பாகத்தை ஈரத்துணியில் வைத்துவிடுங்கள். அலுமினியப் பாத்திரம் சாதாரண இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. கேஸ் அடுப்பில் சிறிய அளவுடையது கவிழாமல் இருக்க இரும்பு வளையம் ஒன்றைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

காபி ஏறவே இல்லையென்றால் உடனே அடுப்பை அணைத்துவிட்டு, முழுதும் ஆறும்வரை திறக்காதீர்கள். தூளை அழுத்தி நிரப்பியிருக்கலாம், சிக்கரித் தூள் அடைத்திருக்கலாம், ரப்பர் வாஷர் தேய்ந்து ஆவி பக்கவாட்டில் கசிந்திருக்கலாம். இவற்றையெல்லாம்விட முக்கியம், பக்கத்தில் இருக்கும் பித்தளை வால்வு: போர் தண்ணீரின் உப்பு அதை அடைத்துவிட்டால் மிகை அழுத்தம் வெளியேற வழி இராது, பாத்திரம் வெடிக்கும் ஆபத்து உண்டு. குக்கரின் சேஃப்டி வால்வைப் பார்ப்பதுபோல இதையும் அவ்வப்போது உள்ளிருந்து தட்டிப் பாருங்கள்; அசையாவிட்டால் பாத்திரத்தை மாற்றிவிடுங்கள். தண்ணீரை எப்போதும் வால்வுக்குக் கீழே வரைதான் நிரப்ப வேண்டும்.

காலையில் நன்றாக வரும் காபி இரவில் புளிக்கிறது

கோடையில் தெருவில் எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் நேரமா என்று பாருங்கள். ஹீட்டரின் திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது. 230 வோல்ட்டுக்கு உரிய ஹீட்டர் 190 வோல்ட்டில் மூன்றில் ஒரு பங்கு திறனை இழந்துவிடும், சிறிய இயந்திரங்களில் இருக்கும் அதிர்வு பம்ப்பும் அழுத்தம் குறைந்து முனகும். இயந்திரம் தயார் என்று காட்டும் விளக்கு எரிந்தாலும் பத்து நிமிடம் கூடுதலாகச் சூடேற விட்டு, காபித்தூள் இல்லாமல் ஒருமுறை வெந்நீரை ஓட்டிவிட்டுத் தொடங்குங்கள். ஆயிரம் வாட்டுக்கு மேற்பட்ட இந்தக் கருவிகளைச் சாதாரண வீட்டு இன்வெர்ட்டரில் இயக்க முயலாதீர்கள். 15 ஆம்பியர் பிளக்கில் மட்டுமே செருகுங்கள்.

எந்நேரமும் நீர் மெலிதாகவே வருகிறது, ஆவி வலுவிழந்துவிட்டது என்றால் உள்ளே உப்புப் படிந்திருக்கும். இயந்திரத்தோடு வந்த கையேடு தடுக்காவிட்டால், லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்த நீரைப் பாதி ஓட்டி, இருபது நிமிடம் நிறுத்தி, மீதியையும் ஓட்டி, அதன்பின் இரண்டு தொட்டி நல்ல தண்ணீரை ஓட்டிவிடுங்கள். வினிகரின் வாடை எளிதில் போகாது, ரப்பர் வாஷருக்கும் நல்லதில்லை.

முதல் நாள் நன்றாக இருந்த தேநீர் மறுநாள் நன்றாக இல்லை

பால் சேர்க்காத டிகாக்‌ஷன் மூடிய கண்ணாடிச் சீசாவில் ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். மூன்றாம் நாள் துவர்ப்பு மேலோங்கி மசாலா மங்கிவிடும். பால் சேர்த்ததை அன்றைக்கே குடித்து முடிக்க வேண்டும். மசாலாத் துண்டுகளை வடிக்காமல் ஊறவிடுவது மணத்தைக் கூட்டாது, கசப்பைத்தான் கூட்டும். மணிக்கணக்கில் மின்சாரம் நின்ற நாளில் ஃபிரிட்ஜில் இருந்த பால் கலந்த தேநீரை, ஏலக்காயும் கிராம்பும் புளித்த வாடையை மறைத்துவிடும் என்பதால், முகர்ந்து பார்த்து முடிவு செய்யாமல் கொட்டிவிடுங்கள்.